கருட சேவைக்கு அடைத்த குழாய்

சாமு,

கடிதம் எழுதினால் தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நீ ஹாஸ்டலில் இருந்தபோது வந்த கடிதங்களில் பார்த்திருப்பாய். இன்று போடவில்லை. மறந்துபோய் இல்லை, எழுதப்போகிற விஷயத்துக்கு மேல் அதைப் போட மனம் ஒப்பவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்றும் கேட்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ப் புதுக் கிளைக்கு மேனேஜராகப் போகிறாயாம். அதையும் வெளியாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்கிறாய். பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற நம் வீட்டுக்கு உன் கடையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். நீயோ கடை கொடுத்த அறையிலேயே அடைந்து கிடக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டாமல் உங்கள் கடை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நான் ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது, சாமு. உன் அப்பா இதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "விடும்மா, பையன் வாழ்க்கை, நாமளே கெடுக்கலாமா" என்று காலையும் மாலையும் சொல்கிறார். கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்துவிட்டு உனக்கு மீன் குழம்பு வைத்து அனுப்பியிருப்பேன். அப்படி எத்தனையோ தடவை செய்தவள்தானே நான். இது வேறு. உன் பெயரை யாராவது சொன்னால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பத் தோன்றுகிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுகிறோமே என்று கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அருவருப்பு எனக்குப் புதிது இல்லை. அதில்தான் பிழைக்கிறேன். கொத்தனாராக இருந்த உன் அப்பாவுக்கு முட்டி தேய்ந்து படி ஏற முடியாமல் போனதும், அவர் பார்த்துவந்த கடைகள், லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள் எல்லாவற்றின் மொட்டை மாடியும் என் கைக்கு வந்தது. விரிசல் பார்ப்பது, ஓடு பெயர்ந்த இடத்தை ஒட்டுவது, தண்ணீர் தேங்குகிற இடத்தை நிரவுவது, குழாய் வாயைச் சுத்தம் செய்வது, இதுதானே வேலை. கீழே நிற்கிறவனுக்குக் கண்ணாடிக் கதவு, குளுகுளு காற்று, பட்டுச் சேலை வாங்க வந்தவர்களுக்கு வெள்ளி டம்ளரில் காபி. மேலே வந்து பார்க்கச் சொல்லு. பூஜைக்குப் போட்ட மாலையெல்லாம் அழுகிக் கிடக்கும். தினமும் சாமிப் படத்திலிருந்து கழற்றியதைக் குப்பையில் போட்டால் பாவமாம், மாடியில் எறிந்தால் புண்ணியமாம். அதற்குப் பக்கத்திலேயே பீர் பாட்டில், பான்பராக் எச்சில், புறா எச்சம். சேலை கட்டி நிற்கவைக்கிற பொம்மைகள் இருக்கின்றனவே, கை உடைந்தால், மூக்கு போனால் அவற்றுக்கும் அதுதான் சுடுகாடு. தலையில்லாமல், துணியில்லாமல் பச்சைத் தண்ணீரில் மல்லாந்து கிடக்கும். முதல்முறை பார்த்தபோது பிணம் என்று நினைத்து நான் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடியதை உன் அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்காரரை நினைவிருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டு, சுவர் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிடுங்குங்கள் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யக்கா, நீங்க வேதக்காரங்கதானே, உங்களுக்குப் பாவம் ஒட்டாது. நீங்களே புடுங்கிடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருக்கேன்" என்றார். சொன்னபடியே கைகூப்பிக்கொண்டு திரும்பி நின்றார். நான் கடப்பாரையால் நெம்பி வேரோடு எடுத்தேன். வீட்டில் வந்து சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாவத்தை அடுத்தவங்க தலையில கட்டிட்டு அந்தாளு இட்லி சாப்பிடப் போயிட்டானா?" என்று கேட்டாய். நீதான் கேட்டாய், சாமு.

உனக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்லி உன்னை விட்டுவிடவும் வழியில்லை. பாலிடெக்னிக் லீவில் என்னோடு ஏறாத மாடி இல்லை. மாடியைப் பார்க்கும் முன் கீழே போய்க் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும் அடிப்பக்கம் உண்மையைக் காட்டிவிடும் என்பதை நான் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டாய். கம்பால் தட்டிப் பார்த்து, ஓட்டுக்குக் கீழே காரை விட்டுப்போன இடத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாய். சில நேரம் எனக்கு முன்னால் கண்டுபிடிப்பாய். தாமல் ரோட்டில் இருக்கிற மண்டபத்துக்காரர், "மேல பெயின்ட் மட்டும் அடிச்சு விட்டுடுங்க, முகூர்த்தம் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்றபோது நான் எப்படிப் பேசுவது என்று தயங்கினேன். "சாப்பிடுறவங்க இலையில காரை விழுந்தா நீங்க வந்து பொறுக்குவீங்களா சார்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டது நீ. மனிதர் சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிட்டு ரிப்பேர் செய்தார். அன்றைக்கு மாடிப்படியில் இறங்கும்போது என் பிள்ளை என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பெரிய பட்டுக் கடையில் பில்டிங் மேனேஜராகச் சேர்ந்தபோதும், அந்த வாய் அங்கே இருந்தால் அந்தக் கட்டடத்துக்கு நல்லது என்றுதான் நினைத்தேன்.

இப்போது வைகாசிக்கு வருகிறேன். கருட சேவை அன்று நம் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை முதலாளிகளின் சொந்தபந்தம், பெரிய கஸ்டமர்கள் எல்லாரும் மாடியில் ஏறி நிற்பார்கள். அங்கேயே காபி, அங்கேயே மோர், அங்கேயே கை கழுவல். நம் ஊர்ப் பழைய கடைகளில் மழைத்தண்ணீர்க் குழாய் கைப்பிடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருப்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கொட்டுகிற அழுக்குத் தண்ணீர் பெருமாள் மேல், அவர் குடை மேல் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்று முதல் நாளே எல்லாக் குழாயையும் சாக்கு, துணி வைத்து அடைத்துவிடுவார்கள். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சாமி வருகிற நேரம் அழுக்கு விழக்கூடாது என்று நினைப்பது நல்ல மனசு. அடைத்ததை எடுக்கிறவன் யார் என்பதுதான் கேள்வி. சாமி தெருமுனை திரும்புவதற்குள் மாடி காலியாகிவிடும். பக்தி இறங்கிப் போய்விடும், சாக்கு மட்டும் குழாயில் இருக்கும். அதனால்தான் கருட சேவைக்கு மறுநாள் ஒவ்வொரு மாடியாக ஏறி, குனிந்து, குழாய்க்குள் கையை விட்டு அடைப்பை உருவுவது எனக்கு வருஷா வருஷம் ஒரு வேலையாகிவிட்டது. கோடை மழை எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்குள் முடிக்க வேண்டும்.

இந்த வருஷம் உன் கடைக்கு வந்தபோது மாடி முழுக்கப் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. வந்த பெரிய மனுஷர்களுக்கு அது பிடித்துப்போயிற்றாம். கல்யாணச் சேலை வாங்குகிற பெண்கள் கோபுரம் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ள அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். போட்டோ எடுக்கிறவர்கள் மதியமே வருகிறார்கள் என்று நீ பரபரத்துக்கொண்டிருந்தாய். "அடைப்ப எடுத்தாச்சாடா?" என்று கேட்டேன். "எடுத்தாச்சும்மா. என் மாடிய நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றாய். வேறு எந்த மாடியிலும், யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. கையை விட்டுப் பார்ப்பேன். உன் மாடியில் உன் வார்த்தையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெற்றவள் புத்தி. அடைப்பை எடுத்திருந்தால் விரித்த புல்லைத் திரும்பச் சுருட்டியிருக்க வேண்டும், போட்டோ தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதானே விஷயம்? அவ்வளவு அற்பமான விஷயத்துக்கா?

பிறகு இடி மின்னலோடு பெய்தது. ஊரே குளிர்ந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். உன் மாடியில் விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் நின்றது. வெளியே தெரியவில்லை. வெயில் அடித்தாலும் அந்தப் புல் அதைக் காயவிடவில்லை. அதற்கு நேர் கீழே, சேலைக்குக் குஞ்சம் கட்டுகிற, ஃபால்ஸ் தைக்கிற பெண்கள் உட்காருகிற கூடம். அங்கே கஸ்தூரி உன்னிடம் சொன்னாளாமே. "தம்பி, மேல அப்பளம் மாதிரி உப்பிக்கினு இருக்குது, கொஞ்சம் பாருப்பா" என்று அவள் சொன்னதற்கு, "அது பழைய பெயின்ட்டுக்கா, நீங்க வேலையப் பாருங்க" என்றாயாம். கம்பால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தட்டிப் பார்க்கத் தெரியாதவனா நீ? தட்டினால் உண்மை தெரிந்துவிடும் என்று தட்டவில்லை. அதற்கப்புறம் ஒரு மதியம் காரை மொத்தமாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பியைக் காட்டிக்கொண்டு விழுந்தது. கஸ்தூரிக்குத் தோள்பட்டை எலும்பு நொறுங்கிவிட்டது. தலையில் விழாதது தெய்வச் செயல்.

வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். நான் வந்ததும் கூடத்துக்குள் போகாமல் நேராக மாடிக்குப் போனேன். மேலே இன்னும் தண்ணீர் நின்றால் மீதியும் விழுமே என்ற பயம். புல்லின் ஓரத்தைத் தூக்கினேன். ஐயோ, அந்த நாற்றம்! தண்ணீர் பாசி பிடித்துக் கொழகொழவென்று, அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. மேலே பெண்கள் பட்டுச் சேலையில் நின்று சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்ட அதே இடத்துக்கு அடியில். குழாய் வாயில் கையை விட்டேன். பாலிதீனில் சுற்றி, கயிறு கட்டி, இறுக்கமாகத் திணித்திருந்தது. வாட்ச்மேனும் சேர்ந்து இழுத்தார். வந்ததைப் பிரித்தால் உங்கள் கடையின் நீலச் சட்டை. டோபியிடம் மாறிப்போகக் கூடாது என்று காலருக்கு உள்ளே நான் சிவப்பு நூலில் தைத்த உன் பெயரின் முதல் எழுத்து அப்படியே இருந்தது. நான் அதைத் தெருவில் எறியவில்லை. பையில் போட்டுக்கொண்டேன். இறங்கி வருவதற்குள் கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். கூட ஒரு பெண்பிள்ளை வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். அதனால் பின்னால் கடையில் நீ பேசியதை நான் கேட்கவில்லை.

கேட்டது ஆஸ்பத்திரியில்தான். கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். மறுநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கஸ்தூரி அழுதுகொண்டே யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஏசி ரஃபி நல்லாவே இருக்க மாட்டான்கா. அவன் கை வெளங்காமப் போவணும், என் கை போன மாதிரி." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரஃபி என்னா பண்ணான்?" என்று கேட்டேன். "ஏசித் தண்ணி போற பைப்ப சரியா ஒட்டலையாம். அந்தத் தண்ணி இறங்கித்தான் வுழுந்துச்சாம். முதலாளி அங்கேயே அவனைத் தொரத்தி வுட்டாரு." "யாரு சொன்னது?" கஸ்தூரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க புள்ளதான். எல்லாரு முன்னாடியும் சொன்னானே." கஞ்சியைக் கீழே வைத்தேன். "ரஃபி இல்லமா அது. சபிக்காத. நான் பேசிட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ரஃபி யார் என்று உனக்கு நினைவுபடுத்தட்டுமா? கடைத்தெருவில் பாதிக் கடைகளின் ஏசியைப் பார்த்துக்கொள்கிறவன். மாடியில் என்னைப் பார்த்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "யம்மா, வெயில்ல நிக்காதீங்க, இந்தாண்ட வாங்க" என்று நிழலில் இடம் கொடுக்கிறவன். உன் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது நீ பரீட்சையில் இருந்தாய். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஆட்டோவில் உட்காரவைத்தவன் அவன். நீ அவனை அண்ணன் என்று கூப்பிடுவாய். நீ சொன்னதும் கடைத்தெரு முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. ஒரு கடையில் ஆள் தோளை உடைத்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த கடைக்காரன் உள்ளே விடுவானா? எவனும் விடவில்லை. ஒரு பெண் படுக்கையில் கிடந்தபடி அவனைச் சபிக்கிறாள். அவன் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல், தான் ஒட்டிய பைப்பை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று மாலை உன் அறைக்கு வந்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது. சட்டையைப் பையிலிருந்து எடுத்து உன் கட்டிலில் வைத்தேன். நீ கதவைச் சாத்தினாய். அழுவாய் என்று நினைத்தேன். பயத்தில் உளறிவிட்டேன்மா என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். பயத்தில் மனுஷன் எதையும் சொல்வான், அதை நான் புரிந்துகொள்வேன். "ரஃபி அண்ணனுக்கு ஊர் பூரா கஸ்டமர் இருக்காங்கமா. இது இல்லன்னா இன்னொண்ணு. எனக்கு இது போனா என்னா இருக்குது?" என்றாய். "கஸ்தூரி கைக்கு?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி செலவ கடையே பார்த்துக்கும். நான்தான் பேசி வாங்கிக் குடுத்தேன்" என்றாய், என்னவோ தர்மம் செய்தவன் மாதிரி. அதுவும் போகட்டும். கடைசியில் சொன்னாயே ஒன்று. "உன்னைக் காப்பாத்தத்தான்மா அப்படிச் சொன்னேன். மாடி உன் பொறுப்பு. நான் வாயத் தொறக்கலன்னா உன் பேருதான் வந்திருக்கும்."

தூ! என்னைக் காப்பாற்றவா? என் பேர் வந்திருக்கட்டுமே. வந்திருந்தால், ஆமாம் ஐயா, நான் கையை விட்டுப் பார்க்காமல் பிள்ளை பேச்சை நம்பி இறங்கிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றிருப்பேன். அதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? செய்த அசிங்கத்தைத் துடைக்க அம்மா முந்தானையை இழுக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? அந்தச் சாக்கடைப் பேச்சை எங்கே கற்றுக்கொண்டாய்? நான் சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ பின்னாலேயே வந்து, "யாருகிட்டயும் சொல்லிடாதம்மா, பிரமோஷன் வர்ற நேரம்" என்று மாடிப்படி வரை கெஞ்சினாய். சொல்லாமல் இருப்பேன் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளாக மீட்டிங் என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறாய்.

நேற்று உன் முதலாளியைப் பார்க்கப் போனேன். அதற்கு முன் மாடிக்குப் போய், மிச்சமிருந்த குழாய் அடைப்புகளை எல்லாம் பிடுங்கி, அந்தப் பச்சைப் புல்லைக் கிழித்துச் சுருட்டி ஓரமாகப் போட்டேன். யார் கேட்டாலும் கேட்கட்டும், இன்னொருத்தி தலையில் விழக்கூடாது. பிறகு கீழே வந்தேன். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை மேசைமேல் விரித்துக் காட்டினேன். அவருக்கு முகம் மாறும், ரஃபியைக் கூப்பிட ஆள் அனுப்புவார், உன்னை வேலையைவிட்டு நீக்குவார் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் சட்டையைத் தொடவில்லை. "தெரியும்மா" என்றார். "அன்னிக்கே வாட்ச்மேன் சொல்லிட்டான்." "தெரிஞ்சுமா ரஃபிய தொரத்துனீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கம்மா தொரத்துனேன்? உங்க புள்ள சொன்னான், நான் கேட்டுக்கினேன். மாடியில தண்ணி நின்னு இடிஞ்சுதுன்னா கடைப் பேரு கெட்டுடும். ஏசிக்காரன் தப்புன்னா அது வெளியாளு தப்பு. நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அந்தப் பையனுக்குப் புரிஞ்சுது பாருங்க. புதுப் பிராஞ்சுக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணும். நீங்க பெருமைப்படணும்மா."

கேட்டாயா, சாமு? உன் படிப்புக்கோ, நீ இரவும் பகலும் அலைந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டதற்கோ வந்த பதவி இல்லை அது. கேட்காமலே பொய் சொன்னாய் என்று கொடுத்திருக்கிறார். கோயம்புத்தூரில் உன்னை உட்காரவைக்கப்போகிற நாற்காலி கஸ்தூரி தோள்மேலும் ரஃபி முதுகுமேலும் போட்டது. அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? சிரித்துக்கொண்டே, காபி ஆறுதேம்மா என்றபடி சொன்னார். நாளைக்கு அங்கே ஒன்று இடிந்து, பழி போட வெளியாள் கிடைக்காவிட்டால், இதே சிரிப்போடு உன்னைக் கைகாட்டுவார். இவ்வளவு படித்த உனக்கு அது உறைக்கவில்லையா? நான் மாடிச் சாவியை மேசைமேல் வைத்தேன். இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கூடத்தின் கூரையை முழுசாகப் பெயர்த்துச் சரிசெய்யாமல் பெண்களை உட்காரவைத்தால் நானே போய்ப் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இன்று காலை கஸ்தூரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இன்னொரு நாள் அவள் ரஃபியைச் சபிக்க நான் விடமாட்டேன். "உங்க புள்ளயா?" என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள், தோள் விடவில்லை. நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன். அங்கிருந்து கடைத்தெருவுக்குப் போய், நான் மாடி பார்க்கிற ஒவ்வொரு கடையிலும் ஏறி, ரஃபி மேல் தப்பு இல்லை, குழாயை அடைத்தவன் என் மகன் என்று சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "ஏம்மா, சொந்தப் புள்ளய இப்படியா?" என்று என்னையே கேட்டார். உன் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார். சொந்தப் பிள்ளை என்பதால்தான் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி ரஃபிக்கு வேலை திரும்ப வரலாம், வராமலும் போகலாம். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். அவனிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கடைக்காரர்கள் வாய் வழியாக இன்றோ நாளையோ அது அவன் காதுக்குப் போகும். அதற்குள் நீயே போய் அவனிடம் சொல்லிவிட வேண்டும். நீ கோயம்புத்தூர் போ, போகாமல் இரு, மேனேஜராக இரு, மண்ணாங்கட்டியாக இரு, அது உன் இஷ்டம். வயது வந்த பிள்ளையை நான் கட்டிப்போட முடியாது. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் அவன் வீட்டுக்குப் போ. அங்கே அவன் அம்மா இருப்பார். உன்னைப் பார்த்ததும், இவ்வளவு நடந்த பிறகும், உள்ளே கூப்பிடுவார். பாயை விரித்து உட்காரச் சொல்வார். வெயிலில் வந்திருக்கிறாயே என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். வாங்காதே. முதலில் சொல்லு. அப்புறமும் அவர் நீட்டினால், குடி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்